சுவருக்குள் சுற்றிய குரல்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இதில் ஒரு வரிகூட நான் சேர்த்தது இல்லை. நேரங்களைக்கூட ஞாபகத்திலிருந்து சொல்லவில்லை. அன்றைக்கு என் குறிப்புப் புத்தகத்தில் எழுதியதைப் பார்த்துத்தான் சொல்கிறேன். கடைசி இரண்டு நேரங்கள் மட்டும் கிறுக்கலாக இருக்கின்றன. 

2023 நவம்பர் 16, வியாழக்கிழமை. நான் அப்போது கண்டி டவுனில் ஒரு சின்ன சுற்றுலா நிறுவனத்தில் வேலை செய்தேன். தலதா மாளிகைக் கோயிலையும் பேராதனைப் பூங்காவையும் பார்த்து அலுத்துப்போன வெளிநாட்டவர்களுக்கு, தும்பறைப் பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள பழைய மலைக்கோட்டைகளைக் காட்டும் ஒருநாள் பயணம் ஒன்றைத் தயாரிக்கச் சொல்லியிருந்தார்கள். முன்கூட்டியே போய்ப் பார்த்து, எங்கே எவ்வளவு நேரம் ஆகும், எங்கே வழுக்கும், எங்கே சாப்பிடலாம் என்றெல்லாம் எழுதி, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வரைபடம் கீறிக் கொடுக்க வேண்டும். அதுதான் என் வேலை.

வேன் ஓட்டியவர் பஹீம். அக்குறணைக்காரர், வயது நாற்பத்தைந்து இருக்கும். ஆறு வருடமாக அவரோடுதான் போய்வந்தேன்; நாநா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவேன். அதிகம் பேசமாட்டார், பயப்படவும் மாட்டார். ஒருமுறை வேனுக்குள் பாம்பு வந்தபோது அதை ஒரு கம்பால் தூக்கி வெளியே விட்டுவிட்டு, மிச்சமிருந்த தேநீரைக் குடித்தவர்.

காலையில் ஹுன்னஸ்கிரிய பக்கம் இரண்டு கோட்டைகளைப் பார்த்து முடித்தோம். கோட்டை என்று பெயர்தான். பாதி இடிந்த கல்வரிசை, நடுவில் மாடு மேயும் புல். மூன்றாவது, பன்விலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் உச்சியில் இருந்தது. தோட்டத்தின் பெயரை இங்கே எழுத மாட்டேன். அங்கே கங்காணியாக இருந்த கறுப்பையா அண்ணன்தான் பாதை காட்டினார். நல்ல மனிதர். கொழுந்து எடுக்கிற ஆட்களை விட்டு வர முடியாது, மேலே நேராக ஏறினால் கால் மணி நேரம் என்றார்.

"நாலு மணிக்கெல்லாம் பனி எறங்கிரும் தங்கச்சி. அதுக்கு முந்தி வந்துருங்க."

அவ்வளவுதான் சொன்னார். வேறு எதையும் சொல்லிப் பயமுறுத்தவில்லை.

நாங்கள் மேலே சேர்ந்தபோது 3.08. மற்ற இரண்டையும்போல இது இடிந்திருக்கவில்லை. சதுரமான கல்கோட்டை. சுவர் இரண்டு ஆள் உயரம், ஒரு பக்கம் ஏறத்தாழ நாற்பது அடி. வாசல் ஒன்றே ஒன்று. உள்ளே வெறும் முற்றம். நான்கு பக்கமும் நடந்து பார்த்தேன், வேறு வழி கிடையாது. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வாசல் ஒன்றுதான்.

முதலில் கவனித்தது அட்டைகளை. நவம்பர் மழையில் அந்த மலையில் அட்டை இல்லாத இடம் கிடையாது. ஏறி வரும்போதே என் காலில் ஐந்து. வாசலைத் தாண்டியதும் ஒன்றுகூட இல்லை. ஏறியிருந்தவையும் விழுந்துவிட்டன.

இரண்டாவது, வாசல் கல். கை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. அன்றைக்கு முழுநாளும் வெயிலே இல்லை.

வாசலின் கனத்துக்குள், வலது பக்கச் சுவரில் ஒரு திறப்பு இருந்தது. ஒரு ஆள் தோளைச் சாய்த்துப் போகிற அகலம். இடது பக்கச் சுவரிலும் அதே மாதிரி ஒன்று. எட்டிப் பார்த்தேன். சுவர் உண்மையில் இரண்டு சுவர்கள். நடுவில் ஒரு ஒடுங்கிய நடைபாதை ஓடியது, மேலே கற்பலகை மூடியிருந்தது. தரை சுத்தமாக இருந்தது. ஒரு இலை, ஒரு சிலந்தி வலை இல்லை. காவல்காரர்கள் சுற்றிவரக் கட்டியிருப்பார்கள் என்று நினைத்து, இரண்டு திறப்பையும் வரைபடத்தில் குறித்துக்கொண்டேன்.

பஹீம் தன் போனின் டோர்ச்சைப் போட்டார். வலதில் நுழைந்து, நான்கு பக்கமும் சுற்றி, இடதில் வெளியே வருவதாகச் சொன்னார். நான் வாசலில் நின்று நேரம் பார்க்க வேண்டும். பயணிகளுக்கு இது பிடிக்கும் என்றார்.

3.22க்கு உள்ளே போனார்.

"மிஸ், ஈக்கிறீங்களா?"

இருக்கிறீங்களா என்பதை அவர் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். "இருக்கேன்" என்றேன்.

குரல் வலது பக்கச் சுவர் வழியாக நகர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "மிஸ், ஈக்கிறீங்களா?" இப்போது பின்பக்கச் சுவரிலிருந்து. நான் பதில் சொன்னேன். பிறகு இடது பக்கச் சுவர். குரல் நெருங்கி வந்தது. காலடி கேட்டது. 3.25. நான் இடது திறப்பைப் பார்த்தபடி போனைத் தூக்கிப் பிடித்தேன், அவர் வெளியே வருவதைப் படம் எடுக்க.

காலடி திறப்புக்கு வந்தது.

யாரும் வெளியே வரவில்லை.

காலடி என் முன்னால் வாசலைக் கடந்தது. சரக்... சரக்... சரக். மூன்று அடி. என் கண் முன்னால் வெறும் தரை. பிறகு வலது திறப்புக்குள் நுழைந்து, மறுபடியும் சுவருக்குள் போனது.

"மிஸ், ஈக்கிறீங்களா?"

 பஹீம் நாநா விளையாடுகிறார் என்று நினைக்கப் பார்த்தேன். அவர் விளையாடுகிற ஆள் இல்லை.

பனி இறங்கியது. 3.31. நாலு மணி இன்னும் ஆகவில்லை.

குரல் இரண்டாவது சுற்றை முடித்தது. மறுபடி என் முன்னால் மூன்று அடி. சரக்... சரக்... சரக். இந்த முறை காற்று அசைந்தது. ஈர மண் வாசனை.

மூன்றாவது சுற்று.

"மிஸ், இருக்கீங்களா?"



ஈக்கிறீங்களா இல்லை. இருக்கீங்களா. நான் பேசுகிற மாதிரி. என்னிடமிருந்து கற்றுக்கொண்ட மாதிரி...

போன் இன்னும் என் கையில்தான் இருந்தது. பஹீமுக்கு அழைத்தேன். 3.41. உடனே எடுத்தார்.

"மிஸ், நீங்க எங்க? எவ்வளவு நேரமாத் தேடுறேன்."

"எங்க நிக்கிறீங்க நாநா?"

"வாசல்ல. நான் அப்பவே வெளிய வந்திட்டேன். நீங்கதான் உள்ள சுத்திச் சுத்திப் போறீங்க. சத்தம் கேக்குது."

நான் சுற்றிலும் பார்த்தேன். வாசலில் என்னைத் தவிர யாரும் இல்லை.

"நாநா... நான்தான் வாசல்ல நிக்கிறேன்."

 அவர் மெதுவாகச் சொன்னார்.

"மிஸ், உள்ள போயிராதீங்க. உள்ள கூப்பிடுறது நானில்ல."

அதே வார்த்தைகள் சுவருக்குள்ளிருந்தும் வந்தன.

அதே குரலில்.

போனுக்கு ஒரு கணம் முன்னால்.

ஓடினேன்.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அவரை விட்டுவிட்டு ஓடினேன். தேயிலைச் செடிகள் இடுப்பைக் கிழித்தன. மழைத் தண்ணீர் ஓடும் ஒரு கானுக்குள் விழுந்தேன். எழுந்தேன். பின்னால் மேலே எங்கேயோ என் குரல் கேட்டது.

என் குரல்.

"இருக்கேன்... இருக்கேன்..."

கறுப்பையா அண்ணன் கொழுந்து நிறுவை முடிந்து ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தார். நான் தனியாக வந்ததைக் கண்டதுமே புரிந்துகொண்டார். இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஏறினார். எனக்கு மறுபடி ஏறத் தைரியம் இல்லை. ஆனால் பஹீமின் மனைவி றம்லத்தாவின் முகம் கண்ணுக்குள் வந்தது. அவருக்கு என்ன பதில் சொல்வேன்? நானும் பின்னாலேயே ஏறினேன்.

4.33. பனியில் வாசல் தெரிந்தது.

பஹீம் அங்கே நின்றார். இடது பக்கச் சுவரில் நெற்றியை வைத்து, இரண்டு உள்ளங்கைகளையும் கல்லில் அழுத்தி, யாருக்கோ ஆறுதல் சொல்கிற மாதிரி முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"ஈக்கிறேன்... ஈக்கிறேன்... பயப்படாதீங்க மிஸ், ஈக்கிறேன்..."

என்னைக் கண்டதும் கல்லிலிருந்து கையை எடுத்தார். மூன்று பேரும் பிடித்துக்கொண்டார்கள். யாரும் திறப்புகளைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டே இறங்கினோம்.

கீழே தேநீர் கொடுத்தார்கள். அவர் கோப்பையைத் தொடவே இல்லை. சொன்னது இவ்வளவுதான்: உள்ளே போய் மூன்று நிமிடத்தில் வெளியே வந்தாராம். வாசலில் நான் இல்லையாம். சுவருக்குள் நான் அழுதுகொண்டே சுற்றினேனாம். பதில் சொல்வதை நிறுத்தினால் நான் பயந்துவிடுவேன் என்று ஒரு மணி நேரமாகப் பதில் சொல்லிக்கொண்டே நின்றாராம்.

நான் ஓடினேன். அவர் நின்றார். இது என்னை இன்றைக்கும் தூங்கவிடுவதில்லை.

"நல்லவேளை போன் பேசினோம்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். தான் யாரோடும் போனில் பேசவில்லை என்றார்.

கறுப்பையா அண்ணன்தான் மெதுவாகச் சொன்னார். "மேல சிக்னல் இல்ல தங்கச்சி. பேசணும்னா நாங்களே பெக்டரிக்குத்தான் வரணும்."

அந்த இடத்தைப் பயணத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். காரணமாக "பாதை வழுக்கும்" என்று எழுதிக் கொடுத்தேன். பஹீம் அதற்குப் பிறகு பன்விலைப் பக்கம் வண்டி எடுப்பதில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

2024 மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை 10.15க்கு ஒரு அழைப்பு வந்தது. பழைய கட்டடங்களை ஆராய்கிறவர். யாழ்ப்பாணத்துக்காரர், பேச்சிலேயே தெரிந்தது. அந்தக் கோட்டையை இரண்டு வாரமாக ஆராய்கிறார்களாம். எங்கள் அலுவலகத்தில் கேட்டபோது என் வரைபடம் கிடைத்ததாம்.

"பிள்ளை, நீங்கள் கீறின படத்தில வாசலுக்கு ரெண்டு பக்கமும் திறப்புக் காட்டியிருக்கிறியள். அதை எப்பிடிக் கண்டனீங்கள்?"

பார்த்தேன், திறந்துதான் இருந்தது என்றேன்.

 அவர் பொறுமையாக விளக்கினார். சுவருக்குள் நடை இருப்பது அவர்களுக்கே போன வாரம்தான் தெரியவந்ததாம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே சுவர். நான் காட்டிய இரண்டு இடங்களிலும் திறப்பு இருந்தது உண்மைதான். ஆனால் கல்லும் சாந்தும் வைத்து அடைத்திருக்கிறார்கள். முந்நூறு வருடமாவது இருக்கும். அதற்குப் பிறகு யாரும் கை வைத்த அடையாளமே இல்லையாம்.

மேலே ஒரு கற்பலகையைத் தூக்கி, கமெராவை உள்ளே இறக்கிப் பார்த்திருக்கிறார்கள். சாந்தை வழித்துப் பூசிய விரல் தடங்கள் தெளிவாக இருக்கின்றனவாம். இரண்டு திறப்பிலும்.

"ஆனா பிள்ளை, அந்தத் தடமெல்லாம் உள்பக்கம்தான் இருக்கு. உள்ளுக்கு நிண்டுதான் அடைச்சிருக்கினம்."

 அப்படியானால் உள்ளே யார் இருந்தார்கள் என்று கேட்டேன்.

"அதுதான் எங்களுக்கும் விளங்கேல்ல. நாலு பக்கமும் பாத்திட்டம். ஒரு எலும்புத் துண்டுகூட இல்ல. உள்ளுக்கு ஒருத்தரும் இல்ல."