காரம் மிஞ்சிய சோப்பு

சோப்புப் பட்டறையில் அவளுக்கு எக்ஸ்ரே என்று பெயர். அடுத்தவர் பையை மட்டுமல்ல, மனசையும் ஊடுருவிப் பார்த்துவிடுவாளாம். கல்யாணமான நாளிலிருந்து கணவனோடு சேர்ந்து சோப்புக் காய்ச்சுகிறாள். எண்ணெய்க்காரரை நம்பமாட்டாள், தராசை நம்பமாட்டாள், பட்டறைப் பூனை தூங்கினாலும் நடிக்கிறது என்பாள்.

நம்பியது கொப்பரையை மட்டும்தான். எண்ணெயும் காஸ்டிக் சோடாக் கரைசலும் கலந்தால் எண்ணெயின் மூலக்கூறு உடையும். உடைந்த துண்டு சோடியத்தோடு சேரும். பிசுக்கும் இல்லாமல், கையைப் பொத்துப்போக வைக்கும் காரமும் இல்லாமல் சோப்பு என்ற புதுப்பொருள் பிறக்கும். அளவு பொருந்த வேண்டும், அவ்வளவுதான். ஜோடி கிடைக்காத காரம் சோப்புக்குள் தங்கித் தோலைக் கடிக்கும்.

கொழுந்தன் செத்தபின் அவன் மனைவி, அவளுடைய ஓரகத்தி, பட்டறைக்கு வந்தாள். அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது. பங்கு கேட்க அடிபோடுகிறாள் என்று எக்ஸ்ரேக்கு முதல் நாளே பட்டது. ஓரகத்தி காய்ச்சிய ஒரு கொப்பரை ஏற்கெனவே கெட்டிருந்தது. இன்னொன்று கெட்டால் அவள் வேலையை விட்டு நின்றுவிட வேண்டியதுதான் என்று கணவனும் சொல்லியிருந்தான்.

அன்று நல்ல குளிர். ஓரகத்தி கரைசலை அளந்து ஊற்றிய குழம்பு எவ்வளவு கிண்டியும் கெட்டியாகவில்லை. குளிரில் வினை மந்தமாகும் என்பது எக்ஸ்ரேக்குத் தெரியாததல்ல. ஆனால் காஸ்டிக்கைக் குறைத்து மிச்சத்தை வெளியே விற்கிறாள் என்ற எண்ணம் வந்தபின் தெரிந்ததெல்லாம் பறந்துபோயிற்று. ஓரகத்தி அச்சுப் பெட்டி கழுவப் போன நேரம் பார்த்து ஒரு குவளைக் கரைசலை ஊற்றினாள். குழம்பு இறுகியது. பிடித்துவிட்டேன் திருடியை என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

மறுநாள் சோப்பை வெட்டியதும் வழக்கம்போல் நுனிநாக்கில் வைத்துப் பார்த்தாள். சுரீரென்று கடித்தது. கணவன் ஓரகத்தியை முறைத்து, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றான். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

எக்ஸ்ரே அப்போதும் விடவில்லை. வாசல்வரை பின்னாலேயே போய்ப் பையைத் திறக்கச் சொன்னாள். உள்ளே ஒரு துண்டும் காலிச் சாப்பாட்டு டப்பாவும்.

"நீங்க ஊத்துனத பாத்தேன்கா," என்றாள் ஓரகத்தி.

"அப்ப ஏன்டி சொல்லல?"

"சொன்னா யாரு நம்புவா?"

எக்ஸ்ரேக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. உள்ளே ஓடிக் கணவனிடம் சொன்னாள். "ஏங்க, அவ சரியாத்தான் போட்டிருக்கா. காரத்த ஊத்துனது நான்."

அவன் வாசலில் நின்றவளைப் பார்த்தான், பிறகு மனைவியை.

"எத்தனை நாளா ரெண்டு பேரும் கூட்டு?" என்று கேட்டான்.