பன்னிரண்டரைக்கு வருகிறேன் என்றவர்

என் அண்ணி முப்பத்தோரு வருஷம் பேருந்து நிலையத்தின் விசாரணைக் கவுண்டரில் வேலை பார்த்தவர். கண்ணாடித் தடுப்பு, அதில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை, உள்ளே ஒரு மைக், ஒரு தொலைபேசி. ஓட்டைக்கு நேராகக் குனிந்த முகங்கள் எல்லாம் கேட்டது ஒரே கேள்விதான்: பஸ் எப்போது வரும்? அண்ணி டிப்போவுக்குப் போன் போட்டுக் கேட்பார். அவர்கள் சொல்வதை அப்படியே நம்பி மைக்கில் சொன்னால் ஜனங்கள் கண்ணாடியை உடைத்துவிடுவார்கள் என்பது முதல் மாதமே புரிந்துவிட்டதாம்.

"இதோ வந்துக்கிட்டே இருக்குன்னு சொன்னா வண்டி இன்னும் கிளம்பலைன்னு அர்த்தம் தம்பி. பத்து நிமிஷம்னா டிரைவர் சாப்பிட்டுக்கிட்டு இருக்காருன்னு அர்த்தம். ஒன்றரை மணி நேரம் ஆகும், போனை வைங்கன்னு எரிஞ்சு விழுந்தான்னா, அவன் மட்டும்தான் கடிகாரத்தைப் பாத்துச் சொல்றான்."

இவ்வளவு தெரிந்தவருக்கு ஓய்வு பெற்ற பிறகு என்ன வேலை வாய்த்தது தெரியுமா? எலக்ட்ரீஷியன் எப்போது வருவார் என்று போனைக் கையில் பிடித்துக்கொண்டு காத்துக் கிடப்பது.

நாங்கள் கடற்கரைக்குக் குடிவந்ததற்குக் காரணம் என் அண்ணனின் நுரையீரல். கல் அறுக்கும் பட்டறையில் இருபத்தாறு வருஷம், மூக்கை மறைத்து ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நின்றவன். கைக்குட்டையில் நின்றது போக மிச்சத் தூசி எல்லாம் உள்ளே போய்த் தங்கிவிட்டது. நல்ல காற்று உள்ள இடமாகப் பாருங்கள் என்றார் டாக்டர். நகரத்து வீட்டை விற்று, கடலிலிருந்து நூறடி தூரத்தில் இந்த வீட்டை வாங்கினார்கள். நானும் ஒட்டிக்கொண்டு வந்தேன். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் நான் வாத்தியார். கல்யாணம் ஆகவில்லை. என் வாயைப் பற்றி விசாரித்த யாரும் எனக்குப் பெண் கொடுக்கத் துணியவில்லை.

நல்ல காற்று அண்ணனுக்கு என்ன செய்ததோ, அதிலிருந்த உப்பு வீட்டைத் தின்ன ஆரம்பித்தது. கதவுக் கீல், பூட்டு, ஜன்னல் கம்பி என்று தொடங்கி சுவிட்சுகளுக்குள் நுழைந்தது. ஆறு மாதத்தில் ஒரு பல்பு ஹோல்டர் கையோடு உதிர்ந்து வந்தது. மின்விசிறி தானாகச் சுற்றி, தானாக நின்றது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடாத மாதம் இல்லை. அதற்குள் அண்ணனுக்கு ஆக்சிஜன் மெஷின் வந்துவிட்டது. கட்டில் பக்கத்தில் ஒரு சின்ன அலமாரி மாதிரி நிற்கும். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று அண்ணன் மூக்குக்குப் போகும். கரண்ட் இருக்கிற வரைக்கும்தான் அது மெஷின்.

எங்கள் தெருவில் பதினொரு வீடுகள். ஒன்பது பூட்டியே கிடக்கும். விடுமுறைக்கு மட்டும் வருகிற பணக்காரர்களின் வீடுகள். மற்றொன்றில் இருந்தவர்கள் போன மாதம்தான் காலி செய்துகொண்டு போனார்கள்.

அண்ணியின் போனில் எலக்ட்ரீஷியன்களுக்குப் பெயர் கிடையாது. அவர்கள் வாயில் அடிக்கடி வருகிற வார்த்தைதான் பெயர். ஒருவர் 'பக்கத்துலதான்'. எப்போது கேட்டாலும் பக்கத்தில்தான் இருப்பார், எந்த ஊருக்குப் பக்கம் என்று மட்டும் சொல்ல மாட்டார். இன்னொருவர் 'நாளைக்கு'. மூன்றாமவர் 'பாத்துடலாம்'. அவர் உண்மையிலேயே வருவார், பார்ப்பார், போய்விடுவார்.

நான்காவது ஒருவர் இருந்தார். 'சாவிக்காரர்'. பூட்டிக் கிடக்கிற வீடுகளின் சாவிகள் அவரிடம்தான் இருந்தன. உரிமையாளர்கள் அவரைக் கண்ணால் பார்க்காமலே வீட்டை ஒப்படைத்திருந்தார்கள் என்றால் பாருங்கள். ஒரு தடவை எங்கள் வீட்டுக்கும் வந்தார். அரை மணி நேரம் ஒன்றும் பேசாமல் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "மெயின் பெட்டி கடல் பக்கச் சுவர்ல இருக்கக் கூடாது சார். இந்தப் பக்கம் மாத்தணும். ரெண்டு நாள் வேலை" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பல்பு போடக் கூப்பிட்டால் வீட்டையே பெயர்க்கச் சொல்கிறாரே, யார் காதில் பூ சுற்றுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் ஏணியை மடக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அது எட்டு மாதத்துக்கு முன்னால்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. காலை மணி பத்து பத்து இருக்கும்போது கரண்ட் போயிற்று. எதிர் வீட்டுத் தோட்டத்தில் தண்ணீர் தெளிக்கிற குழாய் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு வாசல் விளக்கு பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. ஆள் இல்லாத வீடுகளில் எல்லாம் கரண்ட் இருந்தது. எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. கடல் பக்கச் சுவரிலிருந்து லேசாகக் கருகிய வாடை வந்தது.

"பெட்டியைத் தொடாத தம்பி. உனக்கும் ஒண்ணு ஆச்சுன்னா நான் யாரைப் பாப்பேன்?" என்றார் அண்ணி.

இன்வெர்ட்டர் மெஷினைத் தாங்கிப் பிடித்தது. அதன் பேட்டரி முனைகளையும் உப்பு விட்டுவைக்கவில்லை போலிருக்கிறது. நாலு மணி நேரம் தாங்க வேண்டியது, ஒரு மணி நேரத்திலேயே கீச்சுக் கீச்சென்று கத்திவிட்டுப் படுத்துவிட்டது. அவசரத்துக்கு என்று ஒரு சின்ன சிலிண்டர் வைத்திருந்தோம். அதில் தொண்ணூறு நிமிஷம் ஓடும். குழாயை அதில் மாட்டியபோது மணி பதினொன்று ஐந்து. பன்னிரண்டு முப்பத்தைந்து என்று நான் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். அண்ணியும் கூட்டியிருப்பார்.

அதற்கு முன்பே போன்கள் தொடங்கிவிட்டன. 'பக்கத்துலதான்' பக்கத்தில்தான் இருந்தார். 'நாளைக்கு' எடுக்கவே இல்லை. 'பாத்துடலாம்' என்ன ஏது என்று பத்து நிமிஷம் விசாரித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தான் வண்டியை எடுப்பதில்லை என்றார். மின்வாரிய எண்ணில் ஒரு பெண் குரல், தெருவில் கரண்ட் இருக்கிறதென்றால் அது உங்கள் வீட்டுக் கோளாறு, நாங்கள் வர மாட்டோம் என்றது. ஆம்புலன்ஸுக்குப் போட்டோம். இருக்கிற இரண்டு வண்டியும் நெடுஞ்சாலை விபத்துக்குப் போயிருக்கின்றன, திரும்பினதும் அனுப்புகிறோம் என்றார்கள்.

காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போக வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். போன தடவை அப்படித்தான் போனோம். ஒரு மணி நேரப் பாதை, பாதி வழியில் அண்ணனின் உதடு நீலமாகிவிட்டது. இனிமேல் கூட ஒரு நர்ஸ் இல்லாமல் இவரை அசைத்தால் வழியிலேயே முடிந்துவிடும் என்று டாக்டர் என்னை நிற்க வைத்துத் திட்டினார்.

நான் ஒவ்வொரு போனிலும் கத்தினேன். எனக்குத் தெரிந்தது அதுதான். வேலையில் என் காலடியில் எனக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு, படிக்கிறவன் எங்கே கொண்டுபோய் முட்டப் பார்த்தாலும் அழுத்திவிடலாம். அன்றைக்கு அழுத்துவதற்கு ஒன்றுமில்லை. கட்டிலிலிருந்து அண்ணன் கையைக் காட்டிக் கூப்பிட்டான்.

"கத்தாதடா..." மூச்சு வாங்கினான். "என் பங்கு காத்தையும்... நீயே இழுக்குற."

சிரிக்க வேண்டும் என்று நினைத்துத்தான் சொன்னான். எனக்கு அழுகை வந்தது.

கடைசியில் அண்ணி சாவிக்காரருக்குப் போட்டார். என்னைக் கேட்கவில்லை. இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார். அண்ணி கவுண்டரில் பேசுகிற மாதிரியே நிதானமாகச் சொன்னார்: வீடு இது, மெஷின் இது, சிலிண்டர் இத்தனை மணிக்குத் தீரும்.

"நான் ரொம்ப தூரத்துல இருக்கேன்க்கா. பைக்லதான் வரணும். பன்னிரண்டரை ஆயிடும். அதுக்கு முன்னாடி முடியாது." போன் வைக்கப்பட்டுவிட்டது.

"இவன் வருவான்" என்றார் அண்ணி.

அதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பது இவ்வளவு பெரிய வேலை என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. நான் வாசலுக்கும் கட்டிலுக்கும் நடந்தேன். அண்ணன் விரலில் மாட்டியிருந்த கருவி ஆக்சிஜன் அளவு எண்பத்தெட்டு என்று காட்டியது. சிலிண்டர் முள்ளைப் பார்ப்பேன், தெருவைப் பார்ப்பேன். அண்ணி கட்டிலில் உட்கார்ந்து அண்ணன் கால்களை மடியில் வைத்துக்கொண்டு பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் கை சும்மா இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பன்னிரண்டே காலுக்கு முள் சிவப்பைத் தொட்டது. நான் கார் சாவியை எடுத்தேன்.

"போயிடலாம் அண்ணி. வழியில ஆம்புலன்ஸ் எதிர்ல வந்தா மாத்திக்கலாம். வாங்க, தூக்குங்க."

"பன்னிரண்டரைன்னு சொல்லியிருக்கான்."

"அவன் சொன்னா? அவன் என் மேல இருக்கிற காண்டுல வராமலே போனா?"

அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் நம்பிக்கை ஒன்றும் இருக்கவில்லை. பயந்துபோய்த்தான் இருந்தார். "எனக்கும் தெரியல தம்பி. தூக்குனாலும் தப்பு, தூக்கலைனாலும் தப்பு. எது கம்மியான தப்புன்னு சொல்லு, அதைச் செய்யலாம்."

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

பன்னிரண்டு இருபத்தெட்டுக்கு சிலிண்டர் தீர்ந்தது. தொண்ணூறு நிமிஷத்தில் ஏழு நிமிஷம் குறைத்துக் கொடுத்திருந்தார்கள். விரலில் எண்பத்திரண்டு, எழுபத்தொன்பது, எழுபத்தாறு. அண்ணன் எழுந்து உட்காரப் பார்த்தான், வாய் திறந்து திறந்து மூடியது. அண்ணி அவனைத் தன் மேல் சாய்த்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா, நான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இருந்து என்ன செய்ய? நான் செத்துவிடலாம் போல இருந்தது.

பைக் சத்தம் கேட்டபோது மணி பன்னிரண்டு முப்பத்திரண்டு.

சாவிக்காரர் எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. நேரே பக்கத்து வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். ஒரு கையில் போன், அந்த வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டே ஒயர்ச் சுருளை மதில் மேல் எறிந்தார். "பிடிங்க சார்! ஜன்னல் வழியா விடுங்க! மெஷினை மட்டும் மாட்டுங்க, வேற எதையும் மாட்டாதீங்க!" நான் ஓடினேன். மாட்டினேன். மெஷின் ஒரு தடவை செருமிவிட்டு ஓடத் தொடங்கியது.

எழுபத்தொன்றில் நின்றிருந்த எண் அசையவே இல்லை. பிறகு எழுபத்து நாலு. எண்பது ஆக எத்தனை நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. எண்பத்தொன்பது வந்ததும் அண்ணி என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

அதற்கப்புறம்தான் சாவிக்காரர் எங்கள் மெயின் பெட்டிக்கு வந்தார். நானும் அவர் பின்னால் போனேன்.

இதை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் அவரை விரட்டிவிட்டேன் இல்லையா, அதற்கு அடுத்த நாள் நான் அந்தப் பெட்டியைத் தடிமனான பிளாஸ்டிக் தாளால் சுற்றி, மூலை முடுக்கெல்லாம் டேப் ஒட்டிவிட்டேன். உப்புக்காற்று எப்படி உள்ளே போகிறது பார்க்கலாம் என்று. ரெண்டு நாள் வேலையாம், நான் பத்து நிமிஷத்தில் முடித்தேன் என்று அலட்டிக்கொண்டேன்.

சாவிக்காரர் கத்தியால் டேப்பைக் கிழித்தார். உள்ளேயிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டியது. பெட்டிக்குள் செம்பெல்லாம் பச்சைப் பொடியாகியிருந்தது. நடுவில் ஒரு கம்பி கருகி, அறுந்து தொங்கியது.

"வெளியில இருந்தா உப்பு ஈரத்தைக் காத்தே காய வச்சிடும். இப்படி உள்ள வச்சுக் கட்டிட்டா அது எங்க போகும்?" என்றார். யார் கட்டியது என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்திருப்பார். இரண்டு நாள் வேலைதான் சார், நாளைக்குக் காலையில் எட்டு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆம்புலன்ஸ் ஒன்றே முக்காலுக்கு வந்து, அண்ணனைப் பரிசோதித்து, இப்போது அசைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போயிற்று.

அண்ணன் தூங்கிப்போனான். அண்ணி சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் வாசற்படியிலேயே நின்றேன்.

"அண்ணி, அந்தப் பெட்டியில பிளாஸ்டிக்... நான்தான்..."

"தெரியும்."

"நான் பாட்டுக்கு ஊரையே திட்டிக்கிட்டு இருந்தேன். என்னைத் திட்டுங்க அண்ணி. ஒரு வார்த்தையாவது திட்டிடுங்க."

அண்ணி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். "நீ பெட்டியைச் சுத்தினப்ப டேப்பை வெட்டி வெட்டிக் குடுத்தது யாரு? இன்னும் ஒரு சுத்து சுத்துன்னு சொன்னதும் நான்தான்."

அது எனக்கு மறந்தே போயிருந்தது. தன் விரல் நுனிகளில் டேப் துண்டுகளை ஒட்டிக்கொண்டு, காற்றில் புடவை பறக்க, பக்கத்தில் அவர் நின்றது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"உங்க அண்ணன்கிட்ட சொல்லாத தம்பி" என்றார். "நம்ம ரெண்டு பேரையும் நம்பித்தான் அவரு கண்ணை மூடுறாரு."

நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். அண்ணன் தூங்கிக்கொண்டுதான் இருந்தான்.