கொளஞ்சியம்மாள் மூடிவைத்த இரண்டு செடிகள்

எந்தக் கொல்லையில் களையெடுக்க இறங்கினாலும் கொளஞ்சியம்மாள் முதலில் பயிரில் ஓர் இலையைக் கிள்ளி, கசக்கி, மூக்கருகே வைத்துப் பார்ப்பாள். பதினெட்டு வருடமாக அவளுக்குப் பக்கத்து வரிசையில் நான் களையெடுக்கிறேன். ஒருநாளும் தவறியதில்லை.

"இன்னாடி, உளுந்து எலையில வடை வாசம் வருதா?" என்று எங்களோடு களையெடுக்கும் ராணியம்மாள் கேட்பாள். எல்லோரும் சிரிப்போம். கொளஞ்சியம்மாளும் சிரிப்பாள். ஆனால் கிள்ளுவதை விடமாட்டாள்.

மஞ்சள் தேமல் நோய் விழுந்த உளுந்துச் செடிக்கு வேறு வாசம் என்பாள் கொளஞ்சியம்மாள். அந்த வாசத்துக்குத்தான் வெள்ளை ஈ வருகிறதாம்; அதில் சாறு குடித்துவிட்டு நல்ல செடிக்குப் போய் நோயைக் கொடுக்கிறதாம். எனக்கு அந்த வாசம் பிடிபட்டதே இல்லை.

போன மார்கழியில் அரை ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்து உளுந்து விதைத்தாள். கூலிக்காரியான அவளுக்குச் சொந்தமாக நின்ற முதல் பயிர் அது. அடுத்த கொல்லை இளவரசனுடையது. தை மாதம் அதில் தேமல் விழுந்தது. நோய்ச்செடிகளைப் பிடுங்க எங்களைக் கூப்பிட்டார். கொளஞ்சியம்மாளும் வந்தாள்.

பிடுங்கிய களையைக் காலில் தட்டி மண்ணை உதிர்ப்பது எங்கள் வழக்கம். மண்ணோடு போட்டால் திரும்பவும் வேர் பிடிக்கும். தட்டாதவளைச் சோம்பேறி என்பார்கள். அதே கைப்பழக்கத்தில் நோய்ச்செடியையும் தட்டினோம். வெயில் ஏறியிருந்தது. நான் தட்டிய ஒவ்வொரு செடியிலிருந்தும் வெள்ளை ஈ புகைபோல எழுந்தது. மலைக்காற்று அதைக் கொளஞ்சியம்மாளின் கொல்லைப் பக்கம் தள்ளியது.

"நிறுத்துங்கடி!" என்று கத்தினாள். அவள் கத்தி அன்றுதான் கேட்டேன்.

இளவரசன் வந்தார். "இன்னா கொளஞ்சியம்மா, கூலிக்கு வந்துட்டு வேலைய நிறுத்தறியா?"

"விடிய, பனி இருக்கசொல்ல புடுங்கலாங்க. றெக்கை நனைஞ்சிருக்கும், ஈ பறக்காது. தட்டாம கோணியில போட்டுக்கலாம். நோவு வாசத்துக்கு வந்து குந்திகினு இருக்குதுங்க. தட்னா என் செடிக்குத்தான் போவும்."

"வாசமாம்! மஞ்ச நெறத்துக்கு வருது. பசை தடவின மஞ்ச அட்டை வெச்சா ஈ வந்து ஒட்டிக்கறது இல்ல?"

அவள் சோற்றுத்தூக்கு கட்டிவந்த வெள்ளைத் துணியை இரண்டாகக் கிழித்தாள். ஒரு பாதியால் நோய்ச்செடியையும், கொஞ்சம் தள்ளி மறுபாதியால் நல்ல செடியையும் இலை தெரியாமல் மூடினாள்.

"இப்ப நெறம் தெரியாதுங்க. சாப்ட்டு வந்து பாருங்க."

சாப்பிட்டுவிட்டு எல்லோரும் போய்ப் பார்த்தோம். நல்ல செடி மேலிருந்த துணியில் நான்கு ஈ. மற்றதில் எண்ண முடியவில்லை. இளவரசன் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"நாளிக்கி விடிய வாங்க. கோணி நான் எடுத்தாரேன்."

மறுநாள் பனியில் பிடுங்கினோம். பழக்கதோஷத்தில் என் கை இரண்டு முறை காலுக்குப் போனது. இரண்டு முறையும் கொளஞ்சியம்மாள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் கொல்லையில் பதினொரு செடிதான் மஞ்சளித்தது. அவற்றையும் பனியிலேயே எடுத்தாள். பங்குனியில் உளுந்து வீடு வந்து சேர்ந்தது.

இந்த வருடமும் அதே அரை ஏக்கரில் விதைத்திருக்கிறாள். எங்கள் ஊரில் இப்போது யாரும் நோய்ச்செடியைக் காலில் தட்டுவதில்லை. தட்டினால் முதலில் ஏசுகிறவள் ராணியம்மாள்.