ரேகை விழாத கைகள்

அந்த ஆஸ்பத்திரியின் கழிப்பறைகளைக் கழுவும் இருபது பெண்களில் ஒருத்திக்கு ஜட்ஜம்மா என்று பட்டப்பெயர். யார் வீட்டுச் சண்டையானாலும் நடுவில் புகுந்து தீர்ப்புச் சொல்லிவிடுவாள், அதுவும் யாரும் கேட்காமலே. ஆசிட் வாளியும் பிரஷுமாக இருபத்திரண்டு வருடம் அங்கே குப்பை கொட்டியிருக்கிறாள். ஆனால் ஒரு மாதம்கூட முழுச் சம்பளத்தைக் கண்ணால் பார்த்ததில்லை.

சம்பளம் காண்ட்ராக்டர் கைக்கு வந்து, அவர் கையிலிருந்து இவர்களுக்கு வரும். வரும் வழியில் இளைத்துவிடும். சீருடைக்கு ஒரு பிடித்தம், அடையாள அட்டைக்கு ஒரு பிடித்தம், கடைசியாக அவருடைய நல்ல மனசுக்கு ஒரு பிடித்தம். கேட்டால், "நாளைக்கு வேலைக்கு வரணுமா வேண்டாமா?" என்பார்.

அந்த வயிற்றெரிச்சலுக்கு ஒருநாள் விடிவு பிறந்தது. அடுத்த மாதத்திலிருந்து சம்பளம் நேராக அவரவர் வங்கிக் கணக்குக்கே போகும் என்று ஆஸ்பத்திரி அலுவலகம் அறிவித்தது. மாதக் கடைசிக்குள் கணக்கு இல்லாதவர்களுக்கு மட்டும் பழையபடி காண்ட்ராக்டர் மூலமாக.

வங்கி இரண்டு பஸ் தூரத்தில் இருந்தது. முன்பு ஒருமுறை வேலை முடிந்த கையோடு போனபோது, வாசல் காவலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு இவர்களை வெளியிலேயே நிறுத்திவிட்டான். ஆனால் இப்போது அதே வங்கி, இவர்கள் தெரு ஜெராக்ஸ் கடைக்காரரிடம் ஒரு சின்ன மெஷினைக் கொடுத்து முகவராக்கியிருந்தது. விரலை வைத்தால் போதும், கணக்குத் தொடங்கிவிடலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருபது பேரும் குளித்து, தலைவாரி, நல்ல புடவை கட்டினார்கள். பழைய அவமானம் மறக்குமா? "இந்தத் தடவை ஒருத்தனும் மூக்கப் பிடிக்கக் கூடாதுடி" என்று ஜட்ஜம்மா உத்தரவு போட்டாள். ஆளுக்குக் கொஞ்சம் பிளீச்சிங் பவுடரை உள்ளங்கையில் கொட்டி, விரல் விரலாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டார்கள்.

மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. இருபது பேருக்கும் சிவப்புதான்.

"ரேகையே விழ மாட்டேங்குதுக்கா. வழவழன்னு இருக்கு" என்றார் கடைக்காரர். மெஷின் கண்ணாடிதான் கெட்டுப்போச்சோ என்று அவர் தன் விரலை வைத்தார். பச்சை பளிச்சென்று எரிந்தது.

காண்ட்ராக்டருக்கு இது எட்ட எவ்வளவு நேரமாகும்? மறுநாள் காலை பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "மெஷினே உங்கள மனுஷங்கன்னு ஒத்துக்கல. என்னை விட்டா உங்களுக்கு யாரு இருக்கா?"

ஜட்ஜம்மாவுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அன்று சாயங்காலம் அவளுடைய மருமகள், மூன்று மாதக் கைக்குழந்தையோடு, சும்மா பார்ப்போமே என்று அதே மெஷினில் விரலை வைத்தாள். பச்சை! அவளும் இதே ஆஸ்பத்திரியில் இதே வேலை பார்த்தவள்தான். பிரசவத்துக்காக நின்று நாலு மாதம் ஆகிறது. மாமியார் மருமகளின் பெருவிரலையும் தன் பெருவிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவள் விரலில் கோடு கோடாக இருந்தது. தன்னுடையது உரித்த வெங்காயம்.

"ஆசிட்தான் ரேகையத் தின்னுருக்கு அத்தை. அது பத்தாதுன்னு நேத்து பிளீச்சிங் வேற" என்றாள் மருமகள்.

"கெமிக்கல் படாம ரெண்டு வாரம் இருந்தா தோல் புதுசா வளர்ந்துரும்" என்று சேர்த்துச் சொன்னார் கடைக்காரர். மாதம் முடிய இன்னும் பதினாறு நாள் இருந்தது. லீவு போட்டால் சீட்டுக் கிழிந்துவிடும்.

மறுநாள் இருபது பேரும் ஆசிட் வாளியைத் தொடவில்லை. கையுறை வந்தால்தான் தொடுவோம் என்று நடையில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். காண்ட்ராக்டர் குதித்தார். "நாளைக்கே வேற இருபது பேரைக் கூட்டிட்டு வர்றேன்!"

"கூட்டிட்டு வாங்க. அவங்களுக்கும் கை இருக்கும்ல?" என்றாள் ஜட்ஜம்மா.

பதினோரு மணிக்கெல்லாம் நாற்றம் மாடி ஏறிவிட்டது. பெரிய டாக்டர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு இறங்கி வந்தார். காண்ட்ராக்டர் கையுறைப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "மாசாமாசம் குடுக்கிறேன் டாக்டர். பாருங்க, எல்லாரும் கைநாட்டு வெச்சிருக்காங்க."

ஜட்ஜம்மா பத்து விரலையும் டாக்டர் முகத்துக்கு நேரே விரித்தாள். "சம்பளச் சீட்டுன்னு சொல்லி வாங்கின கைநாட்டுய்யா அது. கையுறை போட்ட கைக்கு இந்தக் கதி வருமா? நீங்க டாக்டர்தானே, நீங்களே பாத்துச் சொல்லுங்க."

டாக்டர் அவள் கையைப் பிடித்துப் பார்த்தார். அடுத்தவளின் கையையும் பார்த்தார். பதிவேட்டைப் புரட்டினார், பக்கம் பக்கமாக வெறும் மைத் தீற்றல், ஒரு கோடு இல்லை. அவர் காண்ட்ராக்டரிடம் என்ன சொன்னார் என்பது இவர்கள் காதில் விழவில்லை. மத்தியானத்துக்குள் நாற்பது ஜோடி கையுறை வந்து இறங்கியது.

மாதக் கடைசி நாளில் பதினேழு பேருக்கு முதல் தடவையே பச்சை. இரண்டு பேருக்கு மூன்றாவது தடவை. ஜட்ஜம்மாவுக்கு மட்டும் சிவப்பு. பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தாள். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லிவிட்டு நான் மட்டும் அந்த ஆளிடமே கை நீட்ட வேண்டுமா என்று விரல்களைப் புடவையில் தேய்த்துத் துடைத்தாள். கடை மூடும் நேரம். "இடது கை சுண்டு விரலையும் வெச்சுப் பாத்துருவோம்க்கா" என்றார் கடைக்காரர். பிரஷ் பிடிக்கும்போது ஒதுங்கியே நிற்கும் விரல் அது. வைத்தாள். பச்சை! கடையே ஆர்ப்பரித்தது.

சம்பளம் ஏறிய அன்று காண்ட்ராக்டர் ஜெராக்ஸ் கடை வாசலிலேயே வழியை மறித்து நின்றார். "வழக்கமா எனக்குச் சேரவேண்டியத எண்ணி வெச்சிட்டுப் போங்க. ஜட்ஜம்மா, நீ எவ்வளவு எடுத்த?"

"ஒண்ணும் எடுக்கல" என்றாள் ஜட்ஜம்மா. "என் பேர்லயே கிடக்கு. நான் இந்த விரல வெச்சாத்தான் வரும். உங்களுக்கு வேணும்னா வெட்டி எடுத்துட்டுப் போங்க."

சுண்டு விரலை அவர் மூக்குக்கு நேராக நீட்டியபடி, அவர் வழியை விட்டு விலகும்வரை அப்படியே நின்றாள்.