சின்னவளுக்குக் கிடைத்த பயிற்சி

கல்யாணமாகி வந்த மறுவாரமே சின்னவளை லாட்ஜ் வரவேற்பு மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். லாட்ஜ் கணவனின் அண்ணனுடையது. வீட்டில் அவர்தான் பெரியவர், அவர் வைத்ததுதான் சட்டம். அருவிக்கு எந்த பஸ், படகு எப்போது என்பதெல்லாம் சின்னவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அருவியை அவள் பார்த்ததில்லை. சாவிக் கொத்தை யார் கையில் கொடுத்துவிட்டுப் போவது?

சுற்றுலாத் தொழிலின் அடிப்படைப் படிப்பில் சேர அனுமதி வாங்குவதற்குள் அவளுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. வகுப்பில் சொன்னதில் பாதி அவள் தினமும் செய்கிற வேலைதான். ஆனால் படிப்பின் முடிவில் மூன்று மாதம் ஏதாவது ஒரு விடுதியிலேயே தங்கிப் பயிற்சி எடுக்க வேண்டும். அவள் தூரத்துக் கடற்கரை ஊர் ஒன்றைக் கேட்டிருந்தாள். அந்த மூன்று மாதத்தை நினைத்துத்தான் நாளைத் தள்ளினாள்.

கேட்ட இடம் கிடைக்க நல்ல மதிப்பெண் வேண்டும். அதற்கு ஒரு விடுதியைப் பயிற்றுநருக்குச் சுற்றிக் காட்டி விளக்க வேண்டும். தெரிந்த இடமாயிற்றே என்று சொந்த லாட்ஜையே சொல்லித் தொலைத்தாள் புத்திகெட்டவள்.

பயிற்றுநர் அம்மாள் வந்த அன்று சின்னவள் வெளுத்து வாங்கினாள். எந்த அறையில் காலை வெயில் விழும், கைக்குழந்தையோடு வருபவர்களுக்கு ஏன் தெருப்பக்கத்து அறை ஆகாது என்று ஒன்று விடவில்லை. கூடவே வந்த பெரியவருக்கு வாயெல்லாம் பல்.

"இவங்களை எதுக்கு வெளியூர் அனுப்பணும்? பயிற்சியை இங்கயே வெச்சுக்கலாமே," என்றார் பயிற்றுநர், பெரிய உபகாரம் செய்கிற குரலில்.

"தாராளமா," என்றார் பெரியவர்.

"இல்ல மேடம், வேற இடம் பார்த்தாத்தானே..."

"ஏம்மா, சொந்த இடம் மாதிரி வருமா?" என்று குறுக்கிட்டார் பெரியவர்.

சின்னவள் சுவரோரம் நின்ற கணவனைப் பார்த்தாள்.

"அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றான் அவன், ஃபேன் ரெகுலேட்டரைத் திருகிக்கொண்டே.

அவளுக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது. பயிற்றுநர் முழு மதிப்பெண் போட்டார்.

திங்கட்கிழமை பயிற்சி தொடங்கியது. பயிற்சி எடுப்பவர் விடுதியிலேயே தங்க வேண்டும் என்பது விதியாயிற்றே. வரவேற்பு மேசைக்குப் பின்னால் தலையணை, போர்வை அடுக்கிவைக்கும் ஜன்னலில்லாத அறையை ஒழித்து, பெரியவரே ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தார்.

"இனிமே ராத்திரி யார் மணி அடிச்சாலும் உனக்குக் கேக்கும்மா," என்றார்.