கோடியக்கரைப் பூநாரைகளும் ஒரு பீப் சத்தமும்

விடியுமுன் ஸ்ரீரங்கத்தில் கார் ஏறினோம். கோடியக்கரை இங்கிருந்து நூற்றறுபது கிலோமீட்டருக்கு மேல். என் கணவருக்குச் சர்க்கரை நோய் கண்ணில் இறங்கிவிட்டது. இனித் தேறாது, இருக்கிற பார்வையும் போய்க்கொண்டுதான் இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலமெல்லாம் பறவைகளைப் படமெடுத்த மனிதர், பூநாரையை மட்டும் ஒருமுறைகூட எடுத்ததில்லை. "கண் கெட்டபிறகு சூரிய நமஸ்காரமா?" என்று கேட்டாள் நாத்தனார். கோபம் வந்தது, அன்றே வாடகைக் காருக்குச் சொல்லிவிட்டேன்.

தஞ்சாவூர் தாண்டி மன்னார்குடியில் டீ, பதினைந்து ரூபாய். வழி நெடுக லென்ஸைத் துடைத்துக்கொண்டே வந்தார். மங்கல் லென்ஸில்தான் என்று அவருக்கு இன்னும் ஒரு நப்பாசை. எதிரில் ஏதாவது உருவம் அகப்பட்டு ஃபோகஸ் நின்றால் கேமரா பீப் என்று சத்தம் போடும். அந்தச் சத்தத்தை நம்பித்தான் இந்தப் பயணமே.

வேதாரண்யம் கடந்து கோடியக்கரை சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. சேற்றோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம்.

"எங்க இருக்கு?"

"நேரா பாருங்க. தண்ணி முடியற இடத்துல, ரோஸ் கலர்ல ஒரு கோடு."

"ம்" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது எனக்குத் தெரியும்.

பூநாரைகள் தலையைத் தண்ணீரில் கவிழ்த்து மேய்ந்தபடியே மெல்ல எங்கள் பக்கம் வந்தன. கோடு கூட்டமானது. கால்கள்கூடத் தெரிந்தன. "இப்ப எடுங்க" என்றேன். அவர் கேமராவைத் தூக்கினார்.

அந்த நேரம் பார்த்து, பின்னால் நின்ற டிரைவர் நிஜாம் ஓங்கிக் கைதட்டி "ஹோய்" என்று கத்தினார். கூட்டம் மொத்தமும் எழும்பிக் கடல் பக்கம் போயே போய்விட்டது.

"ஏங்க தட்டுனீங்க?"

"நான் கூட்டிட்டு வர்ற போட்டோக்காரங்க எல்லாரும் தட்டச் சொல்லுவாங்கம்மா. பறந்தாத்தான் படம்னுவாங்க. சாருக்கு நல்லபடியா கெடைக்கட்டுமேன்னு..." திருச்சி பாலக்கரைக்காரர், நல்ல மனுஷர். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

இவரோ சிறகுச் சத்தம் போன திசையில் கேமராவைத் திருப்பித் திருப்பி அழுத்திக்கொண்டிருந்தார். வெறும் தண்ணீர். பீப் வரவில்லை.

"கேமரா கெட்டுப்போச்சா, பாரும்மா."

கேமராவுக்கு ஒரு கேடும் இல்லை. பொழுது சாயும்வரை காத்திருந்தோம், அவை திரும்பவில்லை. "மன்னிச்சுக்கங்க சார். இன்ஷா அல்லாஹ், அடுத்த வருஷம் நானே கூட்டிட்டு வரேன்" என்றார் நிஜாம். அடுத்த வருஷமும் பூநாரைகள் வரும். பார்க்கக் கண் இருக்காது. உப்பளங்களைப் பார்த்துக்கொண்டு அழுதேன்.

காவிரிப் பாலம் ஏறும்போது நன்றாக இருட்டிவிட்டது. பகலில் நம்மூர் மணல்திட்டில் கொக்குகள் கூட்டம் கூட்டமாய் நிற்கும், யாரும் கைதட்டுவதில்லை. எப்போதும் இங்கே கார்க் கண்ணாடியை இறக்கச் சொல்கிற என் கணவர் அன்று கேட்கவில்லை.

வீட்டில் விளக்கைப் போட்டு, காபி கலந்து கொண்டுபோனேன். நாற்காலியில் உட்கார்ந்து கேமராவைச் சோதித்துக்கொண்டிருந்தார். அவர் எதிரில் போய் நின்றதும் பீப் என்று கேட்டது. முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு.

"கேமரா நல்லாத்தான் இருக்கு! எதிர்ல ஏதோ நிக்குது" என்றார்.

நான்தான் நிற்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.