பொழுதுபோக்கு என்ற தலைப்பின் கீழ்

தையல் கடையில் காஜா எடுப்பவள் என்பதால் அவளுக்குக் காஜாக்கா என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. சட்டையில் பொத்தான் துளை வெட்டி, ஓரத்தை நூலால் கட்டுகிற வேலை. குனிந்த தலை நிமிராமல் செய்ய வேண்டும். அதுவும் ஒரு வசதிதான். நிமிர்ந்தால் போதும், "வீட்டுக்காரர்கிட்ட இருந்து ஏதாவது தகவல் உண்டா?" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். அக்கறையில் கேட்பதாக நினைப்பு. வெறும் வாய்க்கு அவல் தேடுகிற கூட்டம்!

வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஒரு தூர தேசத் துறைமுகத்தில் கப்பல் நின்றபோது, ராத்திரியோடு ராத்திரியாக இறங்கி ஓடிவிட்டார் என்று வேலைக்கு ஆள் அனுப்பிய ஏஜென்ட் சொன்னான். "அங்க யாரோ ஒருத்தியோட செட்டில் ஆயிட்டாராம்மா. மறுநாள் காலையில கப்பல் அவரில்லாமதான் கிளம்பிச்சு. நாங்க என்ன பண்ண முடியும்?" ஓடிப்போனவருக்குச் சம்பள பாக்கியும் கிடையாது, நஷ்டஈடும் கிடையாது என்று கைவிரித்துவிட்டு, அப்புறம் தன் ஆபீசையே காலி செய்துகொண்டு போய்விட்டான், படுபாவி. அது நடந்து மூன்று வருஷம்.

மாமியார் அதை அப்படியே நம்பினாள். நம்பியதோடு அதைப் பிடித்துக்கொண்டுதான் உயிரையே வைத்திருந்தாள். "எங்க இருந்தா என்ன, எவளோ ஒருத்தி அவனுக்கு வேளாவேளைக்குச் சோறு போடுறா. நீ எந்நேரமும் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தா எவன்டி திரும்பி வருவான்?" என்பாள். காஜாக்கா அந்த முகம் தெரியாத ஒருத்திக்கு மனசுக்குள்ளேயே ஒரு முகம் வரைந்து, ஊசி குத்தும்போதெல்லாம் நாசமாய்ப் போ, நாசமாய்ப் போ என்று சபிப்பாள். அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. அவர் என்னை விட்டுவிட்டுப் போனாரா, இல்லையா?

கடைக்கு நாலு கட்டிடம் தள்ளி ஒரு பிரௌசிங் சென்டர் வந்தது. இன்டர்நெட்டில் உலகத்தில் உள்ளதெல்லாம் இருக்கிறது என்றார்கள். சம்பளம் வாங்கும் நாளெல்லாம் அங்கே போய் உட்கார்ந்தாள். சென்டர்காரர் முன்கோபி. ஆனால் நல்ல மனுஷர். இவளுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதால் அவரே தேடிக் கொடுத்தார்.

"இத பாரும்மா, இது பெரிய அட்டவணை. ஆளுங்க உக்காந்து ஒவ்வொரு பக்கமா பார்த்து, இது வியாபாரம், இது மருத்துவம், இது விளையாட்டுன்னு தலைப்பு போட்டுப் பிரிச்சு வெச்சிருக்காங்க. ஒவ்வொரு தலைப்பா உள்ள இறங்கிப் போகணும்."

"எங்க கடையில பட்டன் டப்பா வெச்சிருக்கிற மாதிரி," என்றாள்.

"அதேதான். கப்பல்னா வியாபாரம், அதுக்குள்ள போக்குவரத்து, அதுக்குள்ள கப்பல் கம்பெனி."

இறங்கினார்கள். எழுத்து வரிசையில் கம்பெனிகள் வந்துகொண்டே இருந்தன. வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனி மட்டும் இல்லை. அரசாங்கம் என்ற தலைப்பில் துறைமுகங்களைப் பார்த்தார்கள். சமூகம் என்ற தலைப்பில் காணாமல் போனவர்களைப் பார்த்தார்கள். யார் யாரோ பிள்ளைகளின் படங்கள். மாசங்கள் ஓடின. ஒருநாள் சென்டர்காரருக்கே அலுத்துவிட்டது. "தலைப்பும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்," என்று அட்டவணையின் தேடும் கட்டத்தில் கப்பலின் பெயரை அடித்துத் தட்டினார்.

ஒரே ஒரு வரி வந்தது. அவர் அதைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது வேற ஏதோ. பொழுதுபோக்குல வருது. கடலுக்கடியில முங்கி வேடிக்கை பார்க்கிறவங்களோட பக்கம்."

"பேரு ஒண்ணுதானே அண்ணே?"

"ஒரே பேர்ல ஆயிரம் கப்பல் இருக்கும்மா."

"ஒரே ஒரு தடவை திறங்கண்ணே."

திறந்தது. நீலமாக ஒரு பக்கம், ஓரத்தில் நட்சத்திரங்கள். அவர் படித்தார். முடித்ததும் மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார்.

"என்ன போட்டிருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா."

"அண்ணே, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

திரையைப் பார்த்தபடியே சொன்னார். துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய அன்றைக்கே புயலில் கவிழ்ந்த சரக்குக் கப்பல். ஆழம் குறைவு, புதிதாக முங்கப் பழகுகிறவர்களுக்கு ஏற்ற இடம். சமையலறைக்குள் வண்ண மீன்கள் நிறைய. படம் எடுக்க அருமையாக இருக்கும். பிழைத்தவர்கள் மூன்றே பேர். மூன்று பேரும் இன்ஜின் ஆட்கள்.

"அவர்தான் முதல் நாள் ராத்திரியே இறங்கிட்டாருல்ல? ஏஜென்ட் சொன்னானே?" என்றாள்.

"கீழ ஒரு போட்டோ இருக்கு. கப்பல் ஆளுங்க எல்லாரும் மேல்தட்டுல வரிசையா நிக்கிறாங்களாம். கிளம்புறதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி, அன்னிக்குக் காலையில கரையில நின்னு எடுத்ததுன்னு போட்டிருக்கு."

டெலிபோன் கம்பியில் வருகிற இன்டர்நெட். படம் ஒரேயடியாக வந்துவிடாது. மேலிருந்து பட்டை பட்டையாக இறங்கும். முதலில் வானம் வந்தது. பிறகு கொடிக்கம்பம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தலைகள். காஜாக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவர் இருக்கக் கூடாது, இருக்கக் கூடாது என்றது ஒரு மனசு. இருக்கணும் என்றது இன்னொன்று. நெற்றிகள் வந்தன, புருவங்கள் வந்தன. வரிசையின் கடைசியில், அவள் வீட்டுக்காரர் எப்போதும் செய்கிற மாதிரியே வெயிலுக்கு ஒரு கண்ணை மட்டும் சுருக்கிக்கொண்டு ஒருவர். முகம் முழுசாக இறங்கும்வரை அவள் காத்திருக்கவில்லை.

"போதும்ண்ணே. அணைச்சிடுங்க," என்றாள்.

தெருவில் நடக்கும்போது அழுகை வரவில்லை. என்ன சொல்ல, கூச்சமாகத்தான் இருக்கிறது, உள்ளுக்குள் ஒரு பெருமை பொங்கியது. அவர் ஓடவில்லை. என்னை விட்டு எவளிடமும் போகவில்லை. எதிரே வந்த ஒவ்வொருவரையும் நிறுத்தி, கேட்டுக்கொள்ளுங்கள் என்று கத்த வேண்டும் போலிருந்தது. அந்த வேகத்திலேயே வீட்டுக்குள் நுழைந்தாள். மாமியார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அவர் ஓடலை! ஏஜென்ட் சொன்னது அத்தனையும் பொய். எவளும் கிடையாது. கடைசி வரைக்கும் அந்தக் கப்பல்லதான் இருந்திருக்காரு."

மாமியாரின் முகம் முதலில் மலர்ந்தது. பிறகு மெல்லக் கேட்டாள். "கப்பல் எங்கடி இருக்கு?"

அப்போதுதான் காஜாக்காவுக்குத் தான் என்ன சொல்லிக்கொண்டு வந்திருக்கிறோம் என்று உறைத்தது. அவள் முகத்தைப் பார்த்தே கிழவிக்குப் புரிந்துவிட்டது. கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஓடிட்டான்னுதானேடி சொன்னாங்க," என்றாள். "எல்லாரும் அப்படித்தானேடி சொன்னாங்க. ஓடித் தொலைஞ்சிருக்கக் கூடாதா பாவி, ஓடித் தொலைஞ்சிருக்கக் கூடாதா..." என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்தக் கையைப் பிடிக்கப் போன காஜாக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வழியெல்லாம் வந்த பெருமை எங்கே போயிற்றோ தெரியவில்லை. எவளாவது ஒருத்தி, மூன்று வருஷமாகத் தான் திட்டித் தீர்த்த அப்படி ஒருத்தி, அந்த ராத்திரி அவர் கையைப் பிடித்து இழுத்து, போகாதே என்று நிறுத்தி வைத்திருக்கக் கூடாதா என்று அவளும் வாய்விட்டு அழுதாள்.